பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைப் பூட்ட விடாமல் நடத்துவது எப்படி: ஒரு ரிட்டயர்டு சானிட்டரி இன்ஸ்பெக்டரின் குறிப்புகள்

நகராட்சியில் கழிப்பறை கட்டுவதற்குப் பணம் எப்படியாவது வந்துவிடும். ஒரு திட்டம் இல்லாவிட்டால் இன்னொரு திட்டம். டைல்ஸ் பதித்து, கல்வெட்டு வைத்து, ரிப்பன் வெட்டி, படம் பிடித்தாயிற்று. பிறகு தினம் அதைக் கழுவ, மோட்டார் எரிந்தால் காயில் கட்ட, தொட்டி நிறைந்தால் லாரி கூப்பிடப் பணம் கேட்டால், 'பொதுநிதியில் இருப்பு இல்லை' என்று பதில் வரும். ஊர் ஊராகப் பூட்டிக் கிடக்கிற கழிப்பறைகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் கட்டடம் நன்றாகத்தான் இருக்கும்.

தென்மாவட்ட நகராட்சிகளில் துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல்முறை கவுன்சிலர் ஆனவர்கள், வியாபாரிகள் சங்கத்தார், மனு எழுதத் தெரிந்த இளைஞர்கள் என்று பலரும் வந்து கேட்கிறார்கள், 'சார், புதுசா ஒண்ணு கட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா?' என்று. வேண்டாம். புதிது கேட்டால் புதிது கிடைக்கும், பழையது பூட்டியே கிடக்கும், இரண்டு வருடத்தில் புதியதும் அதன் பக்கத்தில் பூட்டோடு நிற்கும். இருப்பதை நடத்தக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் போய்ப் பாருங்கள்

மனு எழுதும் முன் மேஸ்திரியையோ பழைய தூய்மைப் பணியாளர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஆணையருக்குத் தெரியாத எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போர்வெல் உயிரோடு இருக்கிறதா, மேல்தொட்டி எத்தனை லிட்டர், மீட்டர் நகராட்சி பெயரில் இருக்கிறதா பழைய குத்தகைதாரர் பெயரில் இருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி பெரும்பாலும் எதிர் டீக்கடையில் இருக்கும். தங்கள் கடை ஆட்களுக்கு மட்டும் திறந்துகொள்வார்கள்.

இதெல்லாம் பத்து நிமிட வேலை. நிறைய நேரம் செலவிட வேண்டிய இடம் கட்டடத்துக்குப் பின்னால், தொட்டி மூடி இருக்கும் இடம்.

கழிப்பறையைக் கொல்வது டைல்ஸோ கதவோ அல்ல, தொட்டிதான். எஸ்டிமேட்டில் 'செப்டிக் டேங்க், உறிஞ்சு குழியுடன்' என்று இருக்கும். தரையில் தேடினால், தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் அந்த உறிஞ்சு குழி இருக்காது. வெளியேறும் குழாயைச் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மழைநீர் வடிகாலில் விட்டிருப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் நாற்றம் தாங்காமல் புகார் கொடுத்ததும் அதையும் அடைத்துவிடுவார்கள். வெளியேற வழி இல்லாத தொட்டிக்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்து என்ன பயன்? உள்ளே போகிற ஒவ்வொரு சொட்டையும் லாரிதான் அள்ள வேண்டும். ஒரு கழிவுநீர் லாரி டிரைவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "சார், இது டேங்க்கு இல்ல, எனக்கு மாசச் சம்பளம்." அந்த ஒரு வரியில் பாதி நகராட்சிகளின் நஷ்டக் கணக்கு இருக்கிறது.

உறிஞ்சு குழி போட முடியுமா என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சின்னக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் திரும்பக் கொஞ்சம் நீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணிக்குள் இறங்கினால் குழி போடலாம், பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்கு ஒரு குழி போதாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மண்ணில் குழியை நம்பாதீர்கள். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் அப்படித்தான். ஐப்பசி மழைக்குக் குழியிலிருந்து தண்ணீர் மேலே வரும். அங்கெல்லாம் பாதாள சாக்கடை இருந்தால் இணைப்பு கேளுங்கள், இல்லாவிட்டால் தொட்டிக்குள் போகும் தண்ணீரைக் குறையுங்கள். கை கழுவும் தொட்டியின் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துச் செடிக்கு விடலாம். ஒழுகும் குழாயை மாற்றுங்கள். இரவு முழுக்க ஒழுகும் ஒரே குழாய் விடியும் முன் தொட்டியைக் கழுத்துவரை கொண்டுவந்துவிடும்.

கணக்கு

'நிதி இல்லை' என்பவரிடம் எவ்வளவு நிதி வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராது, யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாமே கூட்டுவோம். கீழே உள்ளவை மாதிரி எண்கள்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 1,000 பேர் வந்து போகும் கழிப்பறை என்று வைப்போம். பாதிப் பேர் சிறுநீர் கழிக்கும் வரிசைக்கு, பாதிப் பேர் அறைக்கு. அறைக்குப் போகிறவருக்கு 8 லிட்டர் என்றால் 4,000 லிட்டர். மற்றதற்கும் நாலு தடவை கழுவுவதற்கும் சேர்த்து 1,000 லிட்டர். ஆக 5,000 லிட்டர். இதை ஏற்ற 2 குதிரைத்திறன் மோட்டார் தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் 3 யூனிட். விளக்குகளுக்கு ஒன்றேகால் யூனிட். மாதம் 130 யூனிட்டுக்குள் முடிந்துவிடும், 1,500 ரூபாய் வைப்போம். கரண்டு பில் கட்ட முடியாமல்தான் மூடினோம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்து நீட்டுங்கள்.

பெரிய செலவு ஆள். இரண்டு ஷிப்ட், ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என்று நாலு பேர். நாள் கூலி 500 என்று போட்டால் மாதம் 60,000. துடைப்பம், பிரஷ், சோப்பு ஆயில், பினாயில் 5,000. ரிப்பேர் 5,000. எல்லாம் சேர்த்து 71,500. வரவு? அறைக்குப் போகும் 500 பேர் ஆளுக்கு 5 ரூபாய் கொடுத்தால் மாதம் 75,000. இழுத்துப் பிடித்தால் நடக்கும்.

இதில் லாரியைச் சேருங்கள். தினம் 5,000 லிட்டர் என்றால் தினம் ஒரு லோடு. லோடுக்கு 1,500 என்றால் மாதம் 45,000. முடிந்தது கதை. இதைத் தாங்க முடியாமல்தான் பூட்டுகிறார்கள். அதனால்தான் தொட்டியைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

ஏலம் என்கிற வியாதி

பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையை நகராட்சி வருமானமாகப் பார்ப்பது நீண்டகால வழக்கம். மார்க்கெட் சுங்கம், பஸ் நுழைவுக் கட்டணம், சைக்கிள் ஸ்டாண்டு வரிசையில் இதையும் ஏலம் விடுவார்கள். அதிகம் கேட்டவருக்குக் குத்தகை. மேலே சொன்ன அதே கழிப்பறையை ஒருவர் வருடம் 6 லட்சத்துக்கு எடுத்தால் மாதம் 50,000 நகராட்சிக்குக் கட்ட வேண்டும். 75,000 வரவில் மிச்சம் 25,000. அதில் நாலு பேருக்குக் கூலி எப்படிக் கொடுப்பார்? வாசலில் ஒரு பெரியவர், ஒரு வாளி, ஒரு தேய்ந்த துடைப்பம். 5 ரூபாய் போர்டுக்குக் கீழே 10 ரூபாய் வசூல். மக்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள், வசூல் குறையும், குத்தகைதாரர் பாதியில் கைவிட்டுப் போவார். கவுன்சில் கூட்டத்தில் 'போன வருடத்தைவிட ஏலத் தொகை கூடியிருக்கிறது' என்று மேஜையைத் தட்டுகிறவர்களுக்கு அந்த நாற்றத்தில் பங்கு உண்டு.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, கழிப்பறையை வருவாய் இனத்திலிருந்து எடுத்துப் பராமரிப்பு ஒப்பந்தமாக மாற்றச் சொல்லி. வருமானம் குறையுமே என்று கணக்குப் பிரிவு முனகும். அதற்கும் வழி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் லாபம் கொட்டும் இடம் டூவீலர் ஸ்டாண்டு. செலவு கிடையாது, டோக்கன் கிழித்துக் கொடுத்தால் போதும். ஸ்டாண்டையும் கழிப்பறையையும் ஒரே டெண்டரில் சேர்த்துவிடுங்கள். கழிப்பறையைச் சுத்தமாக வைக்காவிட்டால் ஸ்டாண்டும் போய்விடும் என்று நிபந்தனை இருந்தால் கான்டிராக்டரே காலையில் வந்து மூக்கை நீட்டிப் பார்ப்பார். ஆவின் பாலகமோ டீக்கடையோ ஒட்டியிருந்தால் அந்த வாடகையையும் கழிப்பறைப் பராமரிப்புக்கு என்று தீர்மானத்தில் ஒதுக்கச் சொல்லலாம்.

மகளிர் குழுவிடம் கொடுப்பது இன்னொரு வழி. திருச்சியில் 2000-க்குப் பிறகு கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் குடிசைப் பகுதிகளில் பாழாய்க் கிடந்த பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களை வைத்தே நடத்தவைத்தது. அங்கே வசிக்கும் பெண்களே முறை போட்டு வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தார்கள், நோட்டில் எழுதினார்கள், மிச்சப் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழித்தார்கள். 2002-ல் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒன்றை மறக்காதீர்கள். அது குடியிருப்புக் கழிப்பறை, வருகிறவர் எல்லாரும் தெரிந்த முகம். பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறவனையும் சமாளிக்க வேண்டும். குழுவிடம் கொடுத்தால் இரவு ஷிப்டுக்கு நகராட்சி ஆள் போடுமா என்பதைப் பேசி எழுதிக்கொண்ட பிறகு கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? திறக்கும் நேரம் முதல் பஸ்ஸுக்கு முன்பிருந்து கடைசி பஸ் வரை. கட்டணப் பலகை வாசலில், ஆள் உயரத்தில், தமிழில். எத்தனை தடவை கழுவ வேண்டும், கழுவியவர் கையெழுத்துப் போடும் அட்டை உள்ளே கதவுக்குப் பின்னால். குழாய் உடைந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் பில்லில் எவ்வளவு பிடித்தம். பிடித்தம் இல்லாத நிபந்தனையை யாரும் படிப்பதில்லை.

கட்டணத்தில் ஓர் அநியாயம் இருக்கிறது, பெண் கவுன்சிலர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் இப்போது பாதி இடம் உங்களுடையது. ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம் அல்லது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். பெண்களுக்குத் தனி வரிசை கிடையாது, அறைக்குத்தான் போக வேண்டும், அதனால் முழுக் கட்டணம். 'சிறுநீர் கழிக்கப் பெண்களுக்கும் கட்டணம் இல்லை' என்று பலகையில் ஒரு வரி எழுத வைத்துவிட்டால், பஸ்ஸில் ஏறும் முன் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் குடிக்க ஆரம்பிப்பார்கள். இலவசம் என்றால் வரவு குறையும். அந்தக் குறையை டூவீலர் ஸ்டாண்டு வாடகையில் ஈடுகட்டுங்கள், பெண்கள் தலையில் வைக்காதீர்கள்.

பணம் எந்தத் தலைப்பில்

நகராட்சிக் கணக்கு ஒரே பை இல்லை. வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனி. பராமரிப்புக் கூலி வருவாய் நிதியிலிருந்துதான் போக வேண்டும், அங்கேதான் இழுபறி. ஆனால் உறிஞ்சு குழி, தொட்டி, மோட்டார், பைப் வேலை எல்லாவற்றையும் அந்தப் பையில் போட்டுத் திணற வேண்டியதில்லை. 2021 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியத்தில், பத்து லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 60 சதவீதம் நிபந்தனையோடு வந்தது. அதில் பாதி சுகாதாரம், திடக்கழிவுக்கு. மறுபாதி குடிநீர் சார்ந்த வேலைகளுக்கு. அந்தத் தொகை எந்த வேலைக்குப் போனது என்று கேளுங்கள். பல ஊர்களில் குப்பை வண்டி வாங்கியதோடு தீர்ந்திருக்கும். அடுத்த நிதிக்குழுப் பணம் வரும்போதும் இதே கேள்வியோடு முதலில் போய் நில்லுங்கள்.

கேட்கும் வழி தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். 'கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது' என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு நழுவலான பதில்தான் வரும். ஆவணம் கேளுங்கள். கடைசிக் குத்தகை ஒப்பந்த நகல், கழிவுநீர் லாரிக்குக் கொடுத்த பில்கள் தேதிவாரியாக, கட்டுமான எஸ்டிமேட், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் அந்தக் கழிப்பறைக்கான பக்கங்கள். எஸ்டிமேட்டிலும் அளவுப் புத்தகத்திலும் உறிஞ்சு குழி இருந்து தரையில் இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது சாதாரணக் காகிதம் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.

கவுன்சிலராக இருந்தால் இதே காகிதங்களை வைத்துச் சாதாரணக் கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் எழுத்தில் கொடுத்து மன்றப்பொருளாக வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து கத்தினால் மறுநாள் பேப்பரில் படம் வரும், கழிப்பறை திறக்காது. தீர்மானத்தில் 'நடவடிக்கை எடுக்க' என்று முடிக்க விடாதீர்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும். பிப்ரவரிக்குள் இது நுழைந்தால்தான் அடுத்த வருட பட்ஜெட்டில் ஒரு வரியாக நிற்கும். 'பஸ் ஸ்டாண்டு கழிப்பறைப் பராமரிப்பு' என்று தனி வரி. பொதுத் துப்புரவுச் செலவோடு கலந்துவிட்டால் அது கொசு மருந்துக்குப் போய்விடும்.

சட்டம் பேச வேண்டிய நிலை வந்தால், அரசியலமைப்பின் 12வது அட்டவணை, 17வது இனம். தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பஸ் நிறுத்தத்தோடு பொதுக் கழிப்பிடமும் நகராட்சிப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. அதைவிட வேலை செய்யும் ஆயுதம் ஒன்று உண்டு. தூய்மை இந்தியா திட்டத்தில் நகராட்சி ஓ.டி.எஃப். பிளஸ் சான்று (திறந்தவெளியில் மலம் கழிப்பது இல்லாத ஊர் என்பதற்கு அடுத்த படி) வைத்திருந்தால், பொதுக் கழிப்பறைகள் இயங்கும் நிலையில் இருப்பது அதன் நிபந்தனை. ஆய்வுக் குழு வருகிற வாரம் எல்லாப் பூட்டும் திறக்கும், ரூம் ஸ்பிரே மணக்கும், குழு போனதும் பழையபடி. குழு போன மறுவாரம் தேதி தெரியும்படி பூட்டைப் படம் எடுத்து மனுவோடு வையுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-க்கும் புகார் போடுங்கள்.

திறந்த பிறகு

பித்தளைக் குழாய் போடாதீர்கள், பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். தடித்த பிளாஸ்டிக் குழாய் போதும். அலுமினியத் தாழ்ப்பாள் மூன்று மாதம் தாங்காது, இரும்புத் தாழ்ப்பாளை ரிவெட் அடித்து வையுங்கள். பெண்கள் பக்கம் தாழ்ப்பாள் போனால் அந்த அறை போனதாகவே அர்த்தம். ஒவ்வொரு அறையிலும் பை மாட்ட ஒரு கொக்கி, மூடி போட்ட ஒரு குப்பைக் கூடை. கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை, எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது.

ஆசிட்டைப் பற்றி. மஞ்சள் கறை கண்டால் நம் ஆட்கள் கை நேராக ஆசிட் பாட்டிலுக்குப் போகும். கறை அந்த நிமிடம் போய்விடும், கூடவே பீங்கானின் பளபளப்பும் போய்விடும். மேல்பூச்சு போன இடத்தில் கறை இன்னும் இறுகப் பிடிக்கும், அதற்கு இன்னும் ஆசிட். மிச்சம் தொட்டிக்குள் போய், கழிவைச் செரிக்கும் நுண்ணுயிரையும் கொன்றுவிடும். தினம் பிரஷ்ஷும் சோப்பு ஆயிலும் போட்டுத் தேய்த்தால் கறை ஏறாது. உப்புத்தண்ணீர் ஊரில் வெள்ளைப் படிவு வந்தால் எப்போதாவது ஒருமுறை நீர்த்த ஆசிட், கையுறையோடு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது மூச்சை அடைக்கும்.

உண்மையிலேயே காசில்லாத பேரூராட்சிகளும் உண்டு. அங்கே கடைத்தெருவில் இருக்கும் ஓட்டல், பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடைக் கழிப்பறைகளைப் பார்க்க வேண்டும். 2017-ல் தெற்கு தில்லி மாநகராட்சி, உணவகக் கழிப்பறைகளைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம், அதிகபட்சம் 5 ரூபாய் வாங்கலாம் என்று ஆக்கியது. லண்டனில் ரிச்மண்ட் கவுன்சில், கதவைத் திறந்துவிடும் கடைகளுக்கு வருடத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. நம் ஊரில் உத்தரவு போட்டால் அண்ணாச்சிகள் 'ரிப்பேர்' என்று எழுதித் தொங்கவிடுவார்கள். சங்கத்தை உட்காரவைத்துப் பேசி, சம்மதித்த கடைகளின் கழிவுநீர்த் தொட்டியை நகராட்சி செலவில் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னால் சிலராவது ஒத்துக்கொள்வார்கள். சாப்பிடாதவர்களையும் உள்ளே விடும் ஓட்டல்காரர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், அவரிடமிருந்து தொடங்குங்கள்.

கடைசியாகத் தொட்டி சுத்தம். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரையாவது உள்ளே இறக்க நினைத்தால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். மனிதரைக் கொண்டு மலக்கழிவை அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. ஆள் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. மூடியைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, 'ஒரு நிமிஷம்தான்' என்று எட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். 14420-க்கு அழைத்தால் லாரி வரும். உரிமம் உள்ள லாரிதானா என்று பாருங்கள். உறிஞ்சியதைக் கண்மாயில் திறந்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் எத்தனை லோடு இறக்கினார்கள் என்ற ரசீது இல்லாமல் லாரி பில் பாஸ் ஆகாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.